சஹரில் குடித்த தண்ணீர் எங்கே போகிறது?

“சஹருக்கு எழும்பி ரெண்டு போத்தல் தண்ணி குடிச்சிட்டு நிய்யத்து வை, நோன்பு திறக்கும் வரைக்கும் தாகமே வராது.” நோன்பு மாதம் வந்தால் பள்ளிவாசல்துறை போன்ற புத்தளம் கரையோர ஊர்களில் பிள்ளைகளின் காதில் விழும் புத்திமதி இது. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் உடம்பு அந்தக் கணக்கில் நடப்பதில்லை.

மூளையின் அடியில் கடலை அளவில், ஏறத்தாழ அரை கிராம் எடையில் இருப்பது கபச்சுரப்பி, அதாவது பிட்யூட்டரி. அதன் பின்மடல் வாசோபிரசின் என்ற ஹோர்மோனை இரத்தத்தில் விடுகிறது. தண்ணீரை வீணாக்காமல் திருப்பி எடுக்கும்படி சிறுநீரகத்தைப் பணிப்பது அந்த ஹோர்மோன்தான். இரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே அது கூடுதலாக வெளிவரும். இரத்தம் ஐதானால் அடங்கிவிடும். சஹர் முடியும் நேரத்தில் ஒன்றரை லீற்றரை ஒரே மூச்சில் குடித்தால் இரத்தம் சற்று ஐதாகும். பின்மடல் வாசோபிரசினை மட்டுப்படுத்தும். ஏற்கெனவே இரத்தத்தில் இருந்ததும் சிறிது நேரத்தில் சிதைந்துவிடும். சுபஹ் தொழுத கையோடு சலம் கழிக்க எழும்ப வேண்டியிருப்பது அதனால்தான். வெயில் ஏறுவதற்குள் மேலதிகத் தண்ணீரில் பெரும்பகுதி போய்விடும்.

நோன்பு திறந்ததிலிருந்து சஹர் முடியும்வரை தண்ணீரையும் கஞ்சியையும் வத்தகப்பழத்தையும் பிரித்துப் பிரித்து எடுப்பதே பயன் தரும். பின்னேரத்தில் சலம் கடும் மஞ்சளாகப் போவதைப் பார்த்து “உடம்பில் சூடு ஏறிவிட்டது” என்று பயப்படுவோரும் உண்டு. தண்ணீரைக் காக்கப் பின்மடல் தன் வேலையைச் செய்கிறது என்பதே அதன் பொருள். நோன்பு திறந்து நன்றாகக் குடித்த பிறகும் நிறம் தெளியாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிறுநீரக நோயாளிகளும் சீனி வருத்தக்காரர்களும் கர்ப்பிணிகளும் நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடலுக்குப் போகிறவர்களிடையே உலவும் இன்னொரு நம்பிக்கை உயிரையே பறிக்கக்கூடியது: குடிதண்ணீர் தீர்ந்தால் கடல்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துச் சமாளிக்கலாம் என்பது. ஒரு லீற்றர் கடல்தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பின்மடல் எவ்வளவு வாசோபிரசினை விட்டாலும், மனிதச் சிறுநீரகம் கடலளவு உப்பான சிறுநீரை உண்டாக்காது. ஒரு லீற்றர் கடல்தண்ணீரின் உப்பை வெளியேற்ற ஒன்றரை லீற்றருக்கு மேல் சிறுநீர் போக வேண்டும். அந்த மிச்சத் தண்ணீரை உடம்பு தன்னிடமிருந்தே கொடுக்கும். குடித்தவர் குடிக்காதவரைவிட விரைவில் வரண்டு போவார்.

பாடப்புத்தகம் படித்தவர்களிடமும் ஒரு பிழை உண்டு. கபச்சுரப்பி எல்லா ஹோர்மோன்களையும் தானே உண்டாக்குகிறது என்று நினைக்கிறார்கள். முன்மடல் உண்டாக்குகிறது, உண்மை. பின்மடல் எதையும் உண்டாக்குவதில்லை. அது ஒரு கிடங்கு. அங்கே இருக்கும் வாசோபிரசினும் ஒட்சிடோசினும் மேலே ஹைப்போதலமஸில் உள்ள நரம்புக் கலங்களில் உருவாகி, நரம்பு நார்கள் வழியே இறங்கி வருகின்றன. நரம்புக் கலமும் சுரக்கும் என்பதை ஏர்ன்ஸ்ட் ஷாரர் 1928இல் எடுத்துச் சொன்னது ஒரு சிறு மீனின் மூளையைப் பார்த்துத்தான். அறிவியல் உலகம் அதை ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது.

ஒட்சிடோசின் என்றதும் பிரசவ விடுதி நினைவுக்கு வரும். “வலி ஊசி நஞ்சு, அது வேண்டாம் என்று சொல்லு மகள்” என்று வயதான பெண்கள் சொல்வதுண்டு. வின்சன்ட் டு விக்னோ 1953இல் ஆய்வுகூடத்தில் உண்டாக்கி, 1955இல் நோபல் பரிசு பெறக் காரணமான அந்த ஒன்பது அமினோ அமிலச் சங்கிலியும் தாயின் உடம்பில் இருப்பதும் ஒன்றேதான். பிள்ளை பிறந்தவுடன் கொடுக்கப்படும் 10 அலகு ஊசி கருப்பையைச் சுருங்கச் செய்து, தாயை இரத்தப்போக்கிலிருந்து காக்கிறது. ஆனால் அந்தப் பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பிரசவத்துக்கு முன் அளவு மீறினால் கருப்பை கிழியலாம், பிள்ளைக்கு மூச்சு முட்டலாம். ஆகவே வைத்தியசாலையில், பிள்ளையின் இதயத்துடிப்பைக் கவனித்தபடி மட்டுமே அதை ஏற்ற வேண்டும். வீட்டில் ஒருபோதும் கூடாது.

தாய்க்கு அதிர்ச்சி வந்தால் பால் வற்றிவிடும் என்பது பாதி உண்மை. பாலை உண்டாக்குவது முன்மடலின் புரோலக்டின். அதை வெளியே தள்ளுவது பின்மடலின் ஒட்சிடோசின். கவலையும் வலியும் தள்ளுவதைத் தாமதப்படுத்தும். மார்பில் பால் இருக்கும், இறங்காது. இந்த நேரத்தில் மாமி சீனித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை உறிஞ்சுவது குறையும். உறிஞ்சாவிட்டால் ஒட்சிடோசினும் வராது. தாயை ஆறுதலாக இருக்கவிட்டு, பிள்ளையை மார்போடு அணைத்துத் திரும்பத் திரும்பக் குடிக்க விடுவதே மருந்து.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கடைசி நம்பிக்கை: “ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சலம் போனால் அது சீனி வருத்தம்தான், சீனி இல்லையென்றால் வெறும் பழக்கம், தண்ணீரைக் குறைத்தால் சரியாகும்.” சீனி வருத்தமே பெரும்பாலும் காரணம், அதை முதலில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தலையில் அடிபட்ட பிறகோ, கட்டி அல்லது சத்திரசிகிச்சையாலோ, சிலருக்குக் காரணமே தெரியாமலோ வாசோபிரசின் வருவது நின்றுபோகலாம். இரவும் பகலும் பச்சைத் தண்ணீர் போலச் சலம் போகும். நாளொன்றுக்கு 10 லீற்றரையும் தாண்டலாம். இந்த நோயின் பழைய பெயரில் பாதி சீனி வருத்தத்தின் ஆங்கிலப் பெயராகவே இருந்ததால் மருத்துவ ஊழியர்களே குழம்பியிருக்கிறார்கள். 2009இல் லண்டனில் இந்த நோயுள்ள 22 வயது இளைஞர் ஒருவர், வைத்தியசாலைக் கட்டிலிலிருந்தே தண்ணீர் கேட்டுப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். அவருக்குரிய மருந்து கொடுக்கப்படவில்லை, நீரிழப்பால் இறந்தார். 2022இல் நிபுணர்கள் நோயின் பெயரை வாசோபிரசின் குறைபாடு என்று மாற்றியதற்கு இத்தகைய மரணங்களும் ஒரு காரணம்.

டெஸ்மோபிரசின் என்ற மருந்தால் இந்த நோயைக் கட்டுப்படுத்தலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிச் சலம் போனால், சீனி இல்லை என்று தெரிந்த பிறகும் விட்டுவிடாதீர்கள். சிறுநீரின் செறிவையும் இரத்தத்தில் சோடியத்தையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். அதுவரை நோயாளி கேட்கும் தண்ணீரை மட்டும் தடுக்காதீர்கள்.