அம்பின் அலகு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் அமெரிக்காவுக்கு ஒரு பிள்ளையையோ பெண்ணையோ அனுப்பாத வீடு அபூர்வம் என்று சொல்லத்தக்க காலம் இது. அப்படிப் போனவர்களில் சிலர், அவ்விடத்து வழக்கப்படி இலையுதிர் காலத்தில் வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகும் அயலாரோடு பழகி, அந்த வித்தையைத் தாமும் கற்று, அதைப் பற்றிய பேச்சை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். கைப்பேசியில் அந்த வேட்டைக் காட்சியைப் பார்க்கிற தாராவிப் பையனுக்கும் அதே கேள்விதான் எழுகிறது: அம்பின் நுனிக்கு எது உத்தமம்? அலகு அசையாமல் பொருத்தப்பட்ட ‘ஃபிக்ஸ்டு பிளேடா’, பறக்கும்போது மடங்கியிருந்து உடலில் பட்டவுடன் விரிகிற ‘மெக்கானிக்கலா’? இதில் இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டு கட்சியிலும் பிரமைகள் உண்டு. அலகைப் பற்றித் தவறாக எண்ணியவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, வேதனை முழுவதும் அம்பு பட்ட பிராணிக்கே என்பதால், இந்தப் பிரமைகளைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

முதலில், நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். ‘தடையெல்லாம் துப்பாக்கிக்குத்தான், வில்லை யார் கேட்கப் போகிறார்கள்?’ என்று படித்தவர்களே பேசக் கேட்கிறோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆயுதம் என்பது இன்னது என்று வரையறுக்கும் இடத்திலேயே, துப்பாக்கியோடும் வெடிமருந்தோடும் விஷத்தோடும் கண்ணியோடும் சேர்த்து வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. வேட்டை என்பதும் அச்சட்டத்தில் கொல்வது மாத்திரம் அன்று. பிடிப்பதும், சுருக்கு வைப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூட வேட்டையே. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள அட்டவணைகளில் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் இரண்டாவதில் இருக்கின்றன. ஒன்பதாம் பிரிவு அவற்றை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. பயிர்ச் சேதம், உயிருக்கு ஆபத்து போன்ற காரணங்களுக்கு அதிகாரிகள் எழுத்து மூலம் தரும் அனுமதி வேறு. அது பொழுதுபோக்குக்குத் திறந்த வாசல் அன்று. ‘ஆதிவாசிகளுக்குத் தடை இல்லையே’ என்பாரும் உளர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோருக்குப் பல உரிமைகளை வழங்கிய அதே வாக்கியத்தில் வேட்டையாடும் உரிமையை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. ஆகையால் நம் ஆரே காலனியின் ‘பாடா’ எனும் குடியிருப்புகளில் வாழும் வார்லி மக்களுக்கும் அது இல்லை. நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு 1967இல் அளிக்கப்பட்ட உரிமையை மட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் கைவைக்காமல் விட்டிருக்கிறது.

இனி, வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தேசங்களில் வாழ்கிற நம்மவர்களை நோக்கிச் சொல்ல வேண்டியவை.

எல்லாப் பிரமைகளுக்கும் வேராக இருப்பது, அம்பு தன் வேகத்தால் கொல்கிறது என்ற எண்ணம். கப்பிகள் பொருத்திய இக்காலத்துக் காம்பவுண்டு வில்லிலிருந்து 26 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 82 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று கொண்டால், அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 87 ஜூல். மான் வேட்டைக்குரிய சாதாரண ரைஃபிள் குண்டு ஒன்றில் இதைப்போல் நாற்பது மடங்கு ஆற்றல் இருக்கும். ஆகவே குண்டைப் போல அதிர்ச்சியால் வீழ்த்தும் சக்தி அம்புக்குக் கிடையாது. அது கொல்வது ஒரே வழியில்தான்: இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் அறுத்து, உதிரம் வடியச் செய்து. அறுப்பதே அதன் தொழில் என்று கண்டுகொண்ட பிறகு, அலகு நிலைத்ததா விரிவதா என்ற கேள்விக்கு முன்னால் அது கூர்மையானதா என்ற கேள்வி வந்து நிற்கிறது. மழுங்கிய அரிவாள்மணையில் தக்காளி அறுபடாமல் நசுங்குவதை அறியாதவர் இல்லை. மழுங்கிய அலகின் முன்னால் இரத்தக் குழாயும் அப்படித்தான் அறுபடாமல் வளைந்து விலகுகிறது. ஒரு தடவை மண்ணிலோ பயிற்சித் தக்கையிலோ புதைந்த அலகை மறுபடி சாணை பிடிக்காமல் வேட்டைக்கு எடுத்துப் போகிறவன், விலையுயர்ந்த எந்த முனையை வாங்கியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

‘மெக்கானிக்கல் முனை பயிற்சி அம்பைப் போலவே பறக்கும், ஆகையால் வில்லைச் சரிபார்க்கும் சிரமம் இல்லை’ என்பது விரியும் முனைக் கட்சியின் பெரிய வாதம். இதில் முதற்பாதி பெரும்பாலும் உண்மை; இரண்டாம் பாதி அபாயகரமானது. நிலைத்த அலகு அம்பின் முன்பக்கத்தில் சிறு இறக்கைபோல் நின்று காற்றைப் பிடிக்கிறது. வில்லின் நாண் அமைப்பிலோ, அம்புத் தண்டின் விறைப்பிலோ, விடும் கையிலோ அணுவளவு கோணல் இருந்தாலும் அம்பு குறி விலகிப் போய் அந்தக் குற்றத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டிவிடும். மடங்கிய அலகு அதைக் காட்டுவதில்லை. குற்றம் மறைந்திருக்கிறதே தவிரத் தீர்ந்துவிடவில்லை. கோணலாகப் பறந்து வந்த அம்பு உடலில் கோணலாகவே நுழைந்து, தன் பலத்தைப் பக்கவாட்டில் இழந்து, பாதி வழியில் நின்றுவிடுகிறது. குறி தப்பாமல் பட்டும் பிராணி அகப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

விரியும் முனையைக் கையில் வைத்துக் கிட்டத்தில் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். சுமார் ஆறரை கிராம் எடையுள்ள ஒரு சிறு உலோகத் தண்டு. அதன் வயிற்றில் கீறிய பள்ளங்களில் இரண்டு அல்லது மூன்று அலகுகள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் பட்டையோதான். வெயிலில் காய்ந்த ரப்பர் வெடிக்கும். தளர்ந்த பட்டை அம்பு புறப்படும் வேகத்திலேயே அலகை அவிழ்த்துவிடும். பட்ட இடத்தில் அலகை நெம்பித் திறப்பதற்கும் அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிறது; அதன் பிறகு அகலமான வாயை வெட்டிக்கொண்டு போவதற்கு இன்னும் அதிகம் வேண்டும். வலிமை குறைந்த வில்லை வளைக்கிறவர்களுக்கு, பெண்களுக்கும் இளையவர்களுக்கும் விசேஷமாக, இந்தச் செலவு கட்டாது. அவர்களுக்கு இரண்டு அலகுள்ள நிலைத்த முனையே ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

‘வெட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது’ என்பதும் இதனோடு பிறந்த நம்பிக்கையே. நிலைத்த முனைகள் பெரும்பாலும் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டிய அகலத்தோடு நிற்க, விரியும் முனைகள் இரண்டு அங்குலம் வரை போகின்றன. அகலம் பெருகினால் ஆழம் குறையும். நெஞ்சின் இருபுறமும் துளைத்து வெளியேறிய அம்பு இரண்டு வாய்களைத் திறந்து, தேடிப் போகிறவனுக்கு உதிரத் தடத்தைத் தருகிறது. அகலமாக நுழைந்து உள்ளேயே தங்கிய அம்பு பல சமயம் அந்த உபகாரத்தைச் செய்வதில்லை.

நிலைத்த அலகுக் கட்சியாரோ, ‘இதில் அசையும் உறுப்பே இல்லை, ஆகவே தோல்வியே இல்லை’ என்று மார் தட்டுகிறார்கள். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரே அகழ்ந்தெடுத்த இரும்பு அம்பு முனைகள் முதல் மனித குலம் நம்பி வந்தது இந்த வடிவத்தைத்தான் என்பது மெய்யே. ஆனால் இன்று கடையில் விற்கும் நிலைத்த முனைகளில் பல, சவர பிளேடைப் போன்ற மெல்லிய தகடுகளைத் திருகிப் பொருத்தியவை. தோள் எலும்பில் பட்டால் அவையும் வளையும், முறியும். ஒரே உலோகத்தில் உருவான முனைக்குத்தான் அந்தப் பெருமை பொருந்தும்.

வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி உடும்பில் சென்று தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருப்பதை நம்மில் பலர் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறோம். வள்ளலைப் போற்றிய கவியின் உயர்வு நவிற்சி அது. அதன் அழகு அழகுதான். அதைப் பௌதிக சாஸ்திரமாக எடுத்துக்கொண்டு, தோளெலும்பைக் குறிவைத்தாலும் அம்பு துளைத்துப் போகும் என்று நம்புகிறவன் கவிக்கும் நியாயம் செய்யவில்லை, மானுக்கும் நியாயம் செய்யவில்லை.

எந்த முனை மேல் என்பதற்குக் கணக்கு இல்லாமலும் இல்லை. மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் என்னும் கடற்படைத் தளத்தில் பயிற்சியும் தேர்ச்சியும் பெற்ற வில்லாளர்களை மட்டும் அனுமதித்து, பல ஆண்டுகள் எழுதிவைத்த குறிப்புகளின்படி, நிலைத்த முனை பட்ட மான்களில் 82 சதவீதமும், விரியும் முனை பட்டவற்றில் 91 சதவீதமும் கண்டெடுக்கப்பட்டன. விரியும் முனைக் கட்சியார் இதை வெற்றிப் பத்திரமாகக் காட்டுகிறார்கள். யார் எந்த முனையை எடுத்தார் என்பது அவரவர் விருப்பம், வில்லும் கையும் ஒன்றல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள். நான் அந்த எண்களில் காண்பது வேறு: தேர்ந்த கைகளிலிருந்து புறப்பட்ட அம்பு பட்டும், ஒரு வகையில் பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவும், மறு வகையில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவும் மான்கள் காயத்தோடு காட்டுக்குள் மறைந்திருக்கின்றன.

எந்த அலகாலும் திருத்த முடியாத ஒன்றும் உண்டு. முப்பது மீட்டர் தொலைவிலிருந்து நாணை விட்டால், அதன் ஓசை மானின் காதை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எட்டிவிடுகிறது. அம்போ அதன் பிறகு கால் நொடிக்கு மேல் பிந்தி வருகிறது. பாய்வதற்காக மான் உடலைத் தாழ்த்திக்கொள்ள அந்தக் கால் நொடி தாராளம். நுரையீரலைக் குறித்த அம்பு முதுகெலும்புக்கு மேலே தைப்பது இப்படித்தான். குடலில் அம்பு பட்ட மானோ, பல மணி நேரம் துடித்து மடியும். எய்தவன் இருக்க அம்பை நோவதில் அர்த்தம் இல்லை. கிட்டப் போகப் பொறுமை இல்லாதவன், அல்லது சந்தேகமான கோணத்தில் நாணை விடாமல் இருக்க மனம் வராதவன், கடையில் எந்த முனையைக் கேட்டு வாங்கினாலும் ஒன்றுதான்.

சட்டம் இடம் கொடுக்கிற தேசத்தில் இருக்கிறவர்கள், வலிமை குறைந்த வில்லுக்கு நிலைத்த இரண்டலகு முனையையும், வலிமையான வில்லுக்குத் தாம் பயிற்சி செய்த முனையையுமே எடுத்து, ஒவ்வொரு வேட்டைக்கும் புதிதாகத் தீட்டிய அலகோடு போகட்டும். மும்பையில் இருக்கிற நமக்கு இரண்டும் வேண்டாம். சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் அதையடுத்த ஆரேயும் சிறுத்தைகள் வாழும் இடங்கள். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அவை சிக்கிய துன்பத்தை நகரம் கண்டிருக்கிறது. அங்கே கம்பிச் சுருக்கையோ, வில்லோடு திரிகிறவரையோ, காயம் பட்ட விலங்கையோ கண்டால், அருகே போகாமல், மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள்.