தள்ளிப்போய் நிற்கும் மின்சார ரயில்: நம்பிக்கையும் உண்மையும்

சென்னையில் குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ மின்சார ரயில் வழக்கமான இடத்தைத் தாண்டி நின்றால், பெண்கள் பெட்டிக்குக் காத்திருந்தவர்கள் ஓடுவார்கள். "டிரைவர் தூங்கிட்டாரு போல" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். பலரும் அதை நம்பியும் விடுகிறார்கள்.

தூங்கினால் வண்டி தள்ளிப்போகாது, வழியிலேயே நின்றுவிடும். ஓடும்போது டிரைவரான மோட்டார்மேன் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். கை தளர்ந்தால் அவசர பிரேக் தானாக விழும்.

அப்படியானால் காரணம் என்ன? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஒரு பெட்டியின் நீளமே சுமார் 20 மீட்டர்தான். பிரேக் பிடிப்பது ஒரே ஒரு விநாடி தாமதமானால், வண்டி நிற்கும் இடம் கிட்டத்தட்ட ஒரு பெட்டி தூரம் தள்ளிப்போகும். காலை எட்டரைக்குப் படிக்கட்டு வரை ஆள் தொங்கும் வண்டியும் மதியம் காலியாக வரும் அதே வண்டியும் ஒரேபோல நிற்பதில்லை. ஐப்பசித் தூறல் இன்னும் மோசம். அடைமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். முதல் தூறலோ அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் குழைத்து வழுக்க வைக்கும்.

ஓங்கிப் பிரேக் போட்டால் நின்றுவிடுமே என்பார்கள். வழுக்கும் தண்டவாளத்தில் சக்கரம் சுழலாமல் இறுகினால் வண்டி சறுக்கிக்கொண்டு இன்னும் முன்னே போகும். வாசலில் நிற்பவர்கள் தூக்கியெறியப்படவும் கூடும்.

மெட்ரோ சுரங்க நிலையங்களில் தடுப்புக் கதவுக்கு நேராக ரயில் கதவு வந்து நிற்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே நிறுத்துவது கணினி. 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் தடத்தில் இன்றும் மனிதக் கண்ணும் கையும்தான் நிறுத்துகின்றன.

டிரைவரைத் தண்டித்தால் சரியாகும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2005 ஏப்ரல் 25 அன்று ஜப்பானில் ஒரு இளம் ஓட்டுநர் இதாமி நிலையத்தில் சுமார் 70 மீட்டர் தள்ளி நிறுத்தினார். சிறு தவறுக்கும் அவமானப்படுத்தும் 'மறுபயிற்சி' அவருடைய நிறுவனத்தில் நடைமுறையில் இருந்தது. அடுத்த சில நிமிடங்களில், அளவுக்கு மீறிய வேகத்தில் அமகாசாகி வளைவில் ரயில் தடம்புரண்டது. அவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். அந்தத் தண்டனைப் பயம் அவர் கவனத்தைக் குலைத்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை.

நம் ஊரில் தள்ளி நின்ற வண்டியை "கொஞ்சம் பின்னாடி எடுக்கலாமே" என்பதும் எளிதில் நடக்காத காரியம். மோட்டார்மேன் இருப்பது முன்முனையில். பின்னால் தடத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டின் ஒப்புதல் இல்லாமல் வண்டியை ஓரடி கூடப் பின்னுக்கு எடுக்கக் கூடாது.