சிப்பி ஓட்டில் ஒரு கோடை

அன்புள்ள கயல்,

இறாலுக்கு ஹேச்சரி சரி, பாசிக்கு எதற்கு என்றும், உன் கல்லூரி ஆய்வுக்கு அதில் ‘உகந்த சூழல்’ எது என்றும் கேட்டிருந்தாய். மண்டபம் பக்கம் கப்பாஃபைகஸ் பாசியை ஒடித்துக் கயிற்றில் கட்டி, மூங்கில் மிதவையில் விடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. ஒடித்துக் கட்டினால் தழைக்கிற பாசிக்கு அது போதும். ஜப்பானியர் சோற்றைச் சுற்றித் தின்னும் நோரியும் சிவப்புப் பாசிதான். ஆனால் அதற்கு ஆண்டுதோறும் புது வித்து வேண்டும்.

அந்த வித்து எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. குளிர்காலத்தில் இலையாக ஆடும் பாசி கோடையில் மறைந்துவிடும். பிறகு தானாக வந்தால் உண்டு, வராவிட்டால் அந்த வருஷம் பட்டினி. 1949-ல் மான்செஸ்டரில் கேத்லீன் ட்ரூ-பேக்கர் விடை சொன்னார். பழைய சிப்பி ஓடுகளைத் துளைத்து வாழும் இளஞ்சிவப்பு இழையைத் தனி இனம் என்று நினைத்திருந்தார்கள். அது வேல்ஸ் கரையோர நோரி வகைப் பாசியின் இன்னொரு பருவம் என்று அவர் காட்டினார். கல்யாணம் ஆனதால் விரிவுரையாளர் வேலையை இழந்து, ஆய்வை மட்டும் விடாமல் தொடர்ந்தவர். ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆனால் அந்த விடைக்கு நன்றியாக அங்கே, அரியாக்கே கடலைப் பார்த்தபடி உட்டோ நகரில் 1963-ல் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நோரி ஹேச்சரி என்பது சிப்பி ஓடுகள் நிறைந்த தொட்டிகள்தான். குளிர்காலம் முடியும் தறுவாயில், முதிர்ந்த இலைகள் உதிர்க்கும் வித்துகளை ஓட்டின் பளபளப்பான உட்புறத்தில் விழச் செய்கிறார்கள். அவை முளைத்து ஓட்டுக்குள் இறங்கும். நாளாக ஆகக் கருஞ்சிவப்புப் புள்ளிகள் பரவும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொடுத்து, 20–25 பாகை செல்சியஸில் வைத்தால் இழை நன்றாகவே வளரும். வெளிச்சம் அதிகமானால் ஓட்டின் மேல் வேண்டாத பாசிகள் படியும். ஓடுகளைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் நீர் ஆவியாகி உப்பு ஏறுவதையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் புள்ளி நோய் வந்தால் ஓடு ஓடாகப் பரவும்.

இதுவரை எல்லாம் வளர்ப்பு வேலை. நீ கேட்ட ‘உகந்த சூழல்’ என்ற சொல்லில் எனக்குச் சண்டை தொடங்குவது இதற்குப் பிறகுதான். இழை கொழுத்து வளர்கிற அதே நீண்ட பகலிலும் வெதுவெதுப்பிலும் தொட்டியை விட்டுவைத்தால், நோரி வளர்க்கக் கடலில் விரிக்கும் வலைகளுக்கு இழை உதிர்க்க வேண்டிய வித்து ஒழுங்காகக் கிடைக்காது. கோடை முடியும் வேளையில் தொட்டிகளைக் கறுப்புத் துணியால் மூடி, வெளிச்சத்தை எட்டு முதல் பத்து மணி நேரமாகக் குறைக்கிறார்கள். நீரின் சூட்டையும் 20 பாகையை ஒட்டி இறக்குகிறார்கள். இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று பாசி நம்ப வேண்டும், ஏமாற்று வேலைதான். பிறகு காலை நேரத்தில் வித்துகள் கொட்டத் தொடங்கும். பெரிய உருளையில் வலைகளைச் சுற்றித் தொட்டிக்குள் சுழலவிடுவார்கள். வலை நூலில் ஒரு துண்டை நறுக்கி நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து, போதும் என்றால் உருளையை நிறுத்த வேண்டும். வித்து நெருக்கமாகப் பிடித்தால் கடலில் இலைகள் ஒன்றையொன்று அழுத்தும்.

எல்லா வலையும் உடனே அறுவடைக்குப் போவதில்லை. கடலில் கொஞ்சம் வளர்ந்த இளம்பாசியோடு சில வலைகளை எடுத்து, அரைகுறையாக உலர்த்தி, மைனஸ் 20 பாகையில் உறையவைக்கிறார்கள். முதல் வலைகள் நோயில் போனாலோ ஓய்ந்தாலோ இவற்றை விரிக்கலாம். நாற்றை உறையவைத்து மறுபடி நடுகிற மாதிரி. நெல்லில் இதை யோசிக்கவே முடியாது.

ஆகவே உன் கல்லூரி ஆய்வுக்கு இழையின் எடையை மட்டும் அளக்காதே. எடை கூடிய தொட்டிதான் வென்றது என்று அட்டவணை சொல்லும். வித்து எண்ணிக்கை வேறு தொட்டியைக் காட்டக்கூடும். இரண்டையும் எழுதிவை. வெப்பத்தையும் பகல் நீளத்தையும் ஒரே நாளில் மாற்றினால், எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. ஆகவே ஒன்றை மட்டும் மாற்றிய தொட்டிகளையும் பக்கத்தில் வை. எந்த மணிக்கு விளக்கைப் போட்டாய் என்பதையும் குறித்துக்கொள்.

அன்புடன்,
மாமா