உடைமையும் உரிமமும்

நுழையும்முன்

விலைகொடுத்து ஒன்றை வாங்குதல் என்பதன் பொருள் கணினிக் காலத்தில் மாறிவருகிறது. பணம் கொடுத்தவர் கையில் எஞ்சுவது பொருளா, அப்பொருளைச் சிலகாலம் பயன்படுத்திக்கொள்ளும் இசைவா என்னும் வினாவை இப்பாடம் ஆராய்கிறது.

கயிறு கைமாறும் சந்தை

கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூருக்கு அண்மையில் உள்ளது போச்சம்பள்ளி. அங்குக் கூடும் வாரச்சந்தையில் மாடு பிடிக்க வருவோர் பல்லைப் பார்த்து, நடையைப் பார்த்து, சுழியைப் பார்த்து விலை பேசுவர். பேச்சு முடிந்து கயிறு கைமாறிவிட்டால் அம்மாட்டின்மீது விற்றவருக்கு உரிமை இல்லை. வாங்கியவர் அதை உழவில் பூட்டலாம், உறவினருக்குக் கொடுக்கலாம், அடுத்த சந்தையிலேயே வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். ஓராண்டு கழித்து விற்றவர் வந்து, 'இவ்வாண்டுக்கான தொகை வரவில்லை' என்று தொழுவத்திலிருந்து மாட்டை அவிழ்த்துச் செல்ல இயலாது. உடைமை என்னும் சொல்லுக்கு ஊரார் அறிந்த பொருள் இதுதான்.

அதே மாவட்டத்தின் கருநாடக எல்லையில் இருப்பது ஓசூர். 1970களில் அங்குச் சிப்காட் தொழில் வளாகம் உருவானது முதல் ஊரின் தோற்றம் மாறத் தொடங்கியது. பேருந்து, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் எனப் பலவற்றையும் உருவாக்கும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் சிறுபட்டறைகள் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்தன. அத்தகைய பட்டறை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கடைசல் எந்திரம் நிற்கிறது. எண்ணெய் இட்டு, தேய்ந்த பாகத்தை மாற்றினால் இன்னும் இருபது ஆண்டுகள் உழைக்கும். பக்கத்து அறையில் கணினி இருக்கிறது. செய்யவேண்டிய பாகத்தின் வரைபடம் அதில்தான் உருவாகிறது. அவ்வரைபடத்தைத் தீட்டும் மென்பொருளுக்கோ ஆண்டுதோறும் சந்தா செலுத்தவேண்டும். சந்தா முடிந்த மறுநாள் எந்திரம் ஓடும், மென்பொருள் திறக்காது. வரைபடக் கோப்பு பட்டறையின் கணினியில், பட்டறை ஊழியரின் உழைப்பில் உருவானதாகவே இருக்கும். ஆயினும் அதில் ஒரு கோட்டைத் திருத்த வேண்டுமானால் வேறொருவரின் இசைவு வேண்டும்.

குறுவட்டிலிருந்து சந்தாவுக்கு

மென்பொருள் எப்போதும் இவ்வாறு விற்கப்பட்டதன்று. பொறியியல் வரைபடத் துறையில் பெயர்பெற்ற ஆட்டோகேட் 1982ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. நெகிழ்வட்டிலும் பின்னர்க் குறுவட்டிலும் பதியப்பெற்று, பெட்டியில் அடைத்து, ஒருமுறை விலையாக அத்தகைய மென்பொருள்கள் பல ஆண்டுகள் விற்கப்பட்டன. 2016இல் அதன் நிறுவனமான ஆட்டோடெஸ்க் புதிய நிலையுரிமங்களை விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு முழுமையாக மாறியது. அச்சகத்தாரும் ஒளிப்படக் கலைஞரும் பயன்படுத்தும் மென்பொருள்களை உருவாக்கும் அடோபி நிறுவனம் அதற்கு முன்பே, 2013இல், இனி வரும் புதிய பதிப்புகள் சந்தாவின்வழியே மட்டும் கிடைக்கும் என அறிவித்துவிட்டது.

இம்மாற்றத்தைச் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிடுவது முறையாகாது. பெருந்தொகையை ஒரே தவணையில் திரட்ட இயலாத சிறுதொழில் முனைவோருக்கு, மாதச் சந்தா முதன்முதலாகக் கதவைத் திறந்துவிட்டது. பிழைதிருத்தங்களும் பாதுகாப்பு மேம்பாடுகளும் உடனுக்குடன் வந்துசேர்கின்றன. நிறுவனத்திற்கோ திருட்டுப் படிகளின் தொல்லை குறைந்து, வருவாய் சீராகிறது. ஆனால், தொடங்கும்போது சிறியதாகத் தோன்றும் தொகை பத்தாண்டுகளில் எவ்வளவாகும் என்பதைப் பெரும்பாலோர் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒருவர் நல்ல விலைக்கு வாங்கிய எந்திரத்தை நலிந்த காலத்தில் விற்றுக் கடனை அடைக்கலாம். பத்தாண்டுகள் கட்டிய சந்தாவை எந்தச் சந்தையில் விற்பது?

இங்கு ஒரு நுட்பத்தை மாணவர் கருதவேண்டும். பெட்டியில் வந்த குறுவட்டுங்கூடச் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் உரிமமாகவே வழங்கப்பட்டது. மென்பொருளின் பதிப்புரிமை வாங்கியவரைச் சேர்ந்ததில்லை. இருப்பினும் படி அவர் கையில் இருந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, கணினி நிரலின் படியை முறையாக வைத்திருப்பவர், அது அழிந்துபோகாமல் காத்துக்கொள்ளக் காப்புப்படி எடுத்துக்கொள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. நூலுக்கும் இத்தகைய நியாயம் உண்டு: புழக்கத்திற்கு வந்துவிட்ட அச்சுநூலைப் பழைய புத்தகக் கடையில் விற்பதைப் பதிப்பாளர் தடுக்க இயலாது. தொலைவிலுள்ள வழங்கியில் இருக்கும் மென்பொருளுக்கோ பயனரிடம் படியே இல்லை. படி இல்லாதவருக்குக் காப்புப்படி எடுக்கும் உரிமையால் என்ன பயன்?

மறைந்த நூல்கள்

2009ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு புதினங்களை வாங்கியிருந்தோர் ஒருநாள் அவற்றைக் காணாமல் திகைத்தனர். விற்பனைக்கு வைத்தவருக்கு அதற்கான உரிமை இல்லை என்பது தெரியவந்ததால், நிறுவனம் பணத்தைத் திருப்பியளித்து, வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அந்நூல்களை நீக்கிவிட்டது. நீக்கப்பட்டவற்றுள் ஒன்று, அரசு பழைய பதிவுகளை அழித்து மாற்றி எழுதும் கதையைக் கூறும் '1984' என்பது வரலாற்றின் வேடிக்கை. நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கோரினார். பத்தாண்டுகள் கழித்து, 2019இல், மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் இதுவே நிகழ்ந்தது. பணம் திரும்பியது, நூல்கள் திரும்பவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 முதல் நடைமுறையிலுள்ள சட்டம் ஒன்று, உரிமத்தை மட்டும் வழங்கும் விற்பனையாளர் அதனைத் தெளிவாகத் தெரிவிக்காமல் 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. சொல்லின் பொருளைக் காப்பதற்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

ஒரு நாடு செலுத்தும் சந்தா

தனி மனிதர் மட்டுமன்றி நாடும் இன்று சந்தாதாரராகியுள்ளது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள். ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள். 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். பெருநகரப் பல்கலைக்கழகங்களே எட்டிப் பிடித்த ஆய்விதழ்களை எங்கோ ஒரு சிற்றூர்க் கல்லூரி மாணவரும் படிக்கலாம் என்பது எளிய பேறன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சிதழுக்குச் சந்தா செலுத்திய நூலகம் அதனை நிறுத்தினாலும், வந்துசேர்ந்த இதழ்கள் கட்டடம் செய்யப்பட்டு அடுக்கிலேயே நிற்கும். மின்னிதழுக்கான சந்தா நின்றால், முன்னர்ப் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களேனும் தொடர்ந்து கிடைக்குமா என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. கேட்டுப் பெறாத உரிமை அங்கே தானாக வராது.

பல வீட்டுப் பரண்கள்

தமிழருக்கு இச்சிக்கல் முற்றிலும் புதியதன்று. பனையோலை நிலையற்றது, பூச்சி அரிக்கும், ஈரம் அழிக்கும். ஆகவே ஏடுகளை மீண்டும் மீண்டும் படியெடுத்தே இலக்கியங்கள் காக்கப்பட்டன. உ.வே. சாமிநாதர் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் அச்சேற்றியபோது, ஒரே சுவடியை நம்பி அவர் பதிப்பிக்கவில்லை. மடங்கள், புலவர் இல்லங்கள், வள்ளல்களின் மனைகள் எனப் பலவிடத்தும் தேடிப் பெற்ற சுவடிகளை ஒப்புநோக்கினார். ஒன்றில் சிதைந்த அடியை மற்றொன்று தந்தது. அவை தனித்தனி உடையவரிடம் தனித்தனியே இருந்தமையால்தான் அது இயன்றது. எல்லா ஏடுகளும் ஒரே களஞ்சியத்தில், ஒருவருடைய பூட்டுக்குள் இருந்திருந்தால், அக்களஞ்சியத்தில் பற்றிய ஒரு தீப்பொறி போதும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் திரட்டிய நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் மறைவுக்குப்பின் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக 1994இல் உருப்பெற்றன. அன்று எவரும் மதியாத தாள்களை அவர் வாங்க முடிந்தது, வைத்திருக்க முடிந்தது. இன்றைய இணைய இதழ்களையும் செயலிகளையும் அவ்வாறு திரட்டும் ஒருவர், ஒவ்வொரு பொருளுக்கும் இசைவு கேட்டு நிற்கவேண்டியிருக்கும்.

இதனால் எண்மமே பகை என்று கொள்ளவும் இடமில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்வடிவாக்கி விலையின்றி வழங்குகிறது. அதன் கோப்பை எவரும் பதிவிறக்கித் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம், நண்பருக்கும் அனுப்பலாம். ஓலைச்சுவடியின் பண்பு அங்கு மின்வடிவில் தொடர்கிறது. மென்பொருளிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் 1983 முதல் இவ்வழியை நாடுகிறது; லினக்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்றவற்றைப் படியெடுக்கவும் மாற்றவும் எவருக்கும் உரிமையுண்டு.

ஓசூர்ப் பட்டறையின் கணினிக்கும் வழி இல்லாமலில்லை. பாகங்களின் முப்பரிமாண வடிவங்களை ஒரு நிறுவனத்தைச் சாராமல் பரிமாறிக்கொள்வதற்கென 'ஸ்டெப்' என்னும் பன்னாட்டுத் தரம் 1994 முதல் உள்ளது. முடித்த வரைபடம் ஒவ்வொன்றையும் சந்தா மென்பொருளின் வடிவத்தில் ஒன்றும் ஸ்டெப் வடிவத்தில் ஒன்றுமாக இரு கோப்புகளாகச் சேமிக்கலாம். வடிவமைப்பின் சில நுட்பங்கள் அதில் ஏறாமல் போகலாம். அளவும் உருவும் எஞ்சும். சந்தா நின்ற பின்னும் வேறொரு மென்பொருளில் அக்கோப்பு திறக்கும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் வீட்டுக் கைப்பேசியிலுள்ள கட்டணச் செயலி ஒன்றின் விதிமுறைகளைப் படித்து, சந்தா முடிந்தபின் பயனர் சேமித்தவை என்னாகும் என்பதைக் கண்டறிந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.