தேன் சொரிந்த தலமும் இல்லத் தோட்டமும்

இலத்தூர் இறைவனுக்கு மதுநாதர் என்பது திருநாமம். மது என்பது தேன். அகத்திய மாமுனிவர் வழிபட்ட இலிங்கத் திருமேனியின்மீது மரத்திலிருந்த தேனடை தேனைச் சொரிந்தது எனத் தலவரலாறு கூறும். தேனீயும் இங்கு அபிடேகம் செய்த அடியாரே.

அத்தேனீக்கு நம் முற்றத்தில் யாது வைத்துள்ளோம்? துளசிக் கதிர்கள் சிலவற்றைக் கிள்ளாது விடின் அதுவே விருந்தாகும்.

தேன் உண்ணும் வண்ணத்துப்பூச்சிக்கோ பூ மட்டும் போதாது. முட்டையிடத் தக்க இலையும் வேண்டும். வில்வம், எலுமிச்சை, கறிவேப்பிலை மூன்றும் ஒரே குடும்பத்தன. இவற்றின் தளிரை நாடி முட்டையிடும் இனங்கள் உள. இளம்புழு பறவையின் எச்சம்போலத் தோன்றும்; வளர்ந்தபின் பச்சை நிறங்கொள்ளும். அடியேன் பல்லாண்டுகள் அதனை நோயெனக் கருதி மருந்தடித்து மாய்த்தேன். வில்வத்தைச் சிவனுக்குச் சாற்றிய கையே அவ்விலையை உண்ட உயிரைக் கொன்றது. பேரன் கூட்டுப்புழுவைக் காட்டிய பின்னரே தெளிந்தேன்.

சிறு கன்றை முழுதும் தின்றுவிடுமே என்னும் அச்சம் நியாயமானதே. அங்ஙனமாயின் புழுவை வளர்ந்த எலுமிச்சைக்கு மாற்றுக, நஞ்சு தெளியற்க. தையல்சிட்டு தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் இத்தகைய புழுக்களையே.

இவ்வாண்டு எங்கள் கறிவேப்பிலையில் பாதி இலை இல்லை. இரசத்திற்கு அடுத்த வீட்டில் கேட்டு வாங்குகிறோம்.