பேரப்பிள்ளைகளுக்காக எதைக் கேட்பது?

கேள்வி: பேரனும் பேத்தியும் பெங்களூரில். வயது 6, 4. தினமும் ராத்திரி வீடியோ காலில் ஜெபம் பண்ணுகிறேன்; பாதியிலேயே ஓடிவிடுகிறார்கள். படிப்பு, சுகம் தவிர வேறென்ன கேட்பது என்றும் தெரியவில்லை.
- ஓர் ஆச்சி, பாளையங்கோட்டை

பதில்: ஓடட்டும் அம்மா. நாலு வயதுக்கு அரை நிமிஷ ஜெபம் தாராளம். பேர் சொல்லி, அன்று நடந்ததைச் சொல்லி ஜெபியுங்கள்: விழுந்து முட்டியில் பட்ட காயம், பேச்சை நிறுத்திவிட்ட சிநேகிதி. தன் காயம் ஆச்சிக்கு ஞாபகமிருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை நின்று கேட்கும். நீண்ட ஜெபத்தை அவர்கள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பும் சுகமும் கேட்பதில் தப்பே இல்லை. அதற்கும் மேலே, பொய் சொல்லக் கூசும் மனசைக் கேளுங்கள். வகுப்பில் எல்லாரும் ஒதுக்கும் பிள்ளையோடு போய் உட்காரும் துணிவைக் கேளுங்கள்.

தீமோத்தேயுவுக்கு எழுதிய 2-ஆம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், அவருடைய பாட்டி லோவிசாளைப் பவுல் பேர் சொல்லி நினைக்கிறார். கூடவே தாய் ஐனிக்கேயாளையும். ஆகவே பிள்ளைகளின் தாயைத் தாண்டிப் போகாதீர்கள். அவளுக்காகவும் ஜெபியுங்கள், அதை அவளிடம் சொல்லவும் செய்யுங்கள்.

மே லீவுக்கு வரும்போது, தன் பேரன்களான எப்பிராயீமுக்கும் மனாசேக்கும் யாக்கோபு செய்ததுபோல, தலையில் கைவைத்து ஆசீர்வதியுங்கள். போனில் அது முடியாது.