அவர் கையில் உன் மார்க் ஷீட் இல்லை

பெங்களூரு
ஜனவரி

அன்புள்ள கயல்விழிக்கு, அத்தை எழுதுவது.

நீ விண்ணப்பித்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஒருவர் உன்னை நேர்காணலுக்கு அழைத்து அனுப்பிய மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் அப்பா சொன்னான். யாரோ விற்கும் கேள்வி-பதில் கட்டு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்கிறாயாம். அதைக் கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் 'சரி அத்தை' என்று முடித்துவிடுவாய்.

நான் மேற்படிப்பு படித்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காக இந்த ஊரில் உன் வயதுப் பிள்ளைகளைப் பல வருஷமாகச் சந்தித்துப் பேசிவருகிறேன். அதனால் எதிரே உட்காருபவர் யார் என்பதை முதலில் சொல்கிறேன். அவர் சம்பளம் வாங்காத தொண்டர். உன் மதிப்பெண், கட்டுரை, ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் எதையும் பெரும்பாலும் அவருக்குக் காட்டமாட்டார்கள். உன் பெயர், பள்ளி, தொடர்பு விவரம், மிஞ்சிப்போனால் என்ன படிக்க விரும்புகிறாய் என்பது, இவ்வளவுதான் அவரிடம் இருக்கும். ஒரு மணி நேரம் போலப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு குறிப்பு எழுதி அனுப்புவார். முடிவெடுக்கும் குழுவில் அவருக்கு இடமில்லை. ஊர்ப்பக்கம் ஆள் கிடைக்காமல் சந்திப்பே நடக்காத பிள்ளைகளுக்கும் அதனால் குறை வராது என்று எம்.ஐ.டி., பிரின்ஸ்டன் போன்ற இடங்கள் தாங்களே சொல்கின்றன. நீ தூக்கத்தைத் தொலைக்கும் அளவுக்கு இதற்கு எடை கிடையாது.

நேரில் பேசப் பயப்படுகிறாயே, ஒன்று சொல்கிறேன். ஹார்வர்டு மீது ஆசிய மாணவர்கள் தரப்பில் போட்ட வழக்கு 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. வழக்குப் போட்டவர்கள் வைத்த கணக்கில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. குணநலனுக்கு மதிப்பெண் போடும்போது, பெரும்பாலும் முகம் பார்க்காமல் காகிதத்தை மட்டும் படித்த அலுவலகத்தார் ஆசியப் பிள்ளைகளுக்குக் குறைத்துப் போட்டிருந்தார்கள். நேரில் உட்கார்ந்து பேசிய பழைய மாணவர்களோ அவர்களுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே போட்டிருந்தார்கள். நேரில் பார்ப்பது உனக்குப் பாதகம் என்று ஏன் நினைக்கிறாய்?

இப்போது நான் சொல்ல வந்தது. 'கோலார் தங்கவயலில் ஒரு லைன் வீட்டில் பிறந்தவளிடம் சொல்ல என்ன இருக்கிறது' என்று நீ அப்பாவிடம் கேட்டாயாம். கண்ணு, உன் தாத்தா மரமுட்டு வைக்கும் டிம்பர்மேனாக இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சிக் கழகத்தினர் ஜப்பானின் ஒசாகா சிட்டி, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களோடு சேர்ந்து கருவிகளை வைத்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை 1965இல் பதிவு செய்தார்கள். அந்த வருஷம் அதைப் பிடித்த இன்னொரு குழு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இருந்தது. உலகத்தில் வேறு எங்கும் அதற்கு முன் நடக்கவில்லை. நம் ஊரில் எதுவும் நடந்ததில்லை என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே.

ஆனால் இதையும் ஒப்பிக்கப் போய்விடாதே. நீ பேச வேண்டியது உன் நோட்டைப் பற்றி. மழைக்குப் பிறகு, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேட்டில் எந்தப் பக்கம் முதலில் செடி வருகிறது, எது காய்ந்துபோகிறது, எந்தச் சரிவில் புல்கூட முளைப்பதில்லை என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதி வைத்திருக்கிறாயே, அது. அந்த மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் அரைத்த கல்தூள் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் அது நம் வீட்டுச் சோற்றில் விழுகிறது. அதில் எது ஏன் முளைக்கிறது என்று நீயாகக் கேட்டாய். நீ வாங்கிய அந்தக் கேள்வி-பதில் கட்டில் இருக்கும் எந்தப் பதிலும் இதற்கு ஈடாகாது. எங்கே கணக்குத் தப்பியது, எது இன்னும் புரியவில்லை என்பதையும் சொல். நான் சந்தித்த பிள்ளைகளில் குறிப்பு எழுத எனக்கு வேலை வைக்காதவர்கள் இப்படிப் பேசியவர்கள்தான். மனப்பாடம் செய்துவந்தவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வராது.

கோலார் தங்கவயல், கே.ஜி.எஃப். என்றதும் அவர் அந்தப் பெயரில் வந்த சினிமாவைப் பற்றிக் கேட்பார். எல்லோரும் கேட்கிறார்கள். கோபப்படாமல், அந்த மேடுகளில் படம் பிடித்தார்கள், ஆனால் எங்கள் கதை அதில் இல்லை என்று சொல்லிவிட்டு, உன் கதைக்கு வா. அதே மாதிரி, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியது, அப்பா விடிகாலையில் மாரிகுப்பத்தில் ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புவது எல்லாம் கேட்டால் உள்ளபடி சொல். மறைக்கவும் வேண்டாம், இரக்கம் வாங்குவதற்காக விரிக்கவும் வேண்டாம். லைன் வீட்டுக் கஷ்டத்தை விற்றுச் சீட்டு வாங்கும் நிலைமையில் நீ இல்லை.

இங்கிலீஷ் பற்றி. மெதுவாகப் பேசு. கேள்வி புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்லச் சொல். யோசிக்க நேரம் கேள். இதற்கெல்லாம் யாரும் குறைத்து எழுதமாட்டார்கள்.

பணத்தைப் பற்றி அவரிடம் பேசாதே, அது அவர் கையில் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளின் வசதியைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவையான முழு உதவியும் தரும் இடங்கள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற மிகச் சிலதான். நீ போட்ட மற்ற இடங்களின் உதவி விதிகளை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். இங்கே அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பம் போடு. அங்கேயும் நேர்காணல் உண்டு, வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

சந்திப்பு நேரில் என்றால் முந்தின நாள் மாலையே என் வீட்டுக்கு வந்துவிடு, காலை ரயிலை நம்ப வேண்டாம். அப்பா கூட வரட்டும், ஆனால் பேசும் இடத்துக்கு வெளியே இருக்கட்டும். பள்ளிக்குப் போடும் சுத்தமான சுடிதார் போதும், புதுசு எடுக்காதே. வீடியோவில் என்றாலும் இங்கேயே வா. அங்கே கரண்ட் போனால் உனக்குத்தான் பதற்றம். முடிந்த அன்றைக்கே இரண்டு வரியில் நன்றி எழுது. அதற்குப் பிறகு அந்த மனிதரை மறந்துவிட்டு கெமிஸ்ட்ரியை எடு. மார்ச்சில் பி.யு.சி. பரீட்சை இருக்கிறது, ஆர்கானிக் பாதி பாக்கி என்று அப்பா அதையும் சொல்லிவிட்டான்.

அன்புடன்,
அத்தை